எலுமிச்சைக்கு நாலு கரண்டி

எங்கள் பால்கனி எலுமிச்சையை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது நான்தான். பட்டினி போட்டு அல்ல; ஊட்டி ஊட்டி.

மனைவி போனில் "கால் கரண்டி உரம் போடுங்க" என்றாள். எனக்கு "நாலு கரண்டி" என்று விழுந்தது. காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலை பார்ப்பவன் நான். இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

கரண்டியைக் கூம்பாக அள்ளி நாலு முறை போட்டேன். இரண்டொரு நாளில் இலை நுனியெல்லாம் வெந்து சுருண்டுவிட்டன.

அவளுக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊர் போய் அரை வருஷத்துக்கு மேலாகிறது. அவளாகக் கேட்டு வாங்கிய மாற்றல். சண்டையெல்லாம் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் பேசவாவது வழியிருக்கும். எப்போது வருவாய் என்றால் "பார்க்கலாம்" என்பாள். ஞாயிறானால் கூப்பிட்டு, "எலுமிச்சை எப்படி இருக்கு?" என்பாள். என்னைப் பற்றிய விசாரிப்பும் அதிலேயே அடக்கம் என்று நானாக எடுத்துக்கொள்வேன். செடி போய்விட்டால் எதற்குக் கூப்பிடுவாள்?

ஞாயிறு வந்தது. வீடியோவில் செடியின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டினேன்.

"தொட்டியைத் திருப்புங்க."

"வேண்டாம்மா, அது கூச்சப்படுது."

"திருப்புங்கன்னா!"

திருப்பினேன்.

"அடப்பாவி! எவ்வளவு போட்டீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான். நாலு."

சிரித்தாள். அங்கே போனபிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. இன்னும் நாலு கரண்டி போடலாமா என்றிருந்தது.

"வேர் எதையும் கடிச்சுத் தின்னாதுங்க. தண்ணியில கரைஞ்ச சத்தைத்தான் இழுத்துக்கும். மண்ணுல உப்பு அதிகமாயிட்டா வேரால தண்ணி குடிக்க முடியாது. உள்ள இருக்கறதும் வெளிய வந்துடும். சுத்தியும் ஈரம், ஆனா அது தாகத்துல சாகுது."

"அப்ப உரமே வேண்டாமா?"

"வேணும். தழைச்சத்து இல்லேன்னா அடியிலை வெளுக்கும். இரும்புச்சத்து இல்லேன்னா குருத்து மஞ்சளாயிடும். ஒண்ணு குறைஞ்சாலும் தாங்காது. ஆனா எல்லாமே துளித்துளியா... உடனே பாசமும் அப்படித்தான்னு ஆரம்பிக்காதீங்க."

அதைத்தான் ஆரம்பிக்க இருந்தேன்.

"தண்ணியை நிறைய ஊத்தி உப்பைக் கழுவி விடுங்க. அடியில நல்லா வடியணும்."

போனைச் சுவரில் சாய்த்துவிட்டு வாளி வாளியாக ஊற்றினேன். கீழ்வீட்டுக்காரர் நனைந்த துணியைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், மேல மட்டும் மழையா?"

"செடிக்கு அஜீரணம் சார்!"

அவள் போனை வைக்கவில்லை. ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து ஒரே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழுப்பாக வடிந்த தண்ணீர் மெல்லத் தெளிந்தது.

"பிழைச்சுக்குமா?"

"வேர் முழுசாக் கருகலேன்னா துளிர் விடும். பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' வந்தால் ஒரு ஜோக்கடித்துத் தாண்டிவிடுவது என் வழக்கம். அன்று அடிக்கவில்லை.

"செடியை விடும்மா. நீ திரும்பி வருவியா?"

திரையில் அசையாமல் இருந்தாள். நெட் போய்விட்டதென்று நம்பப் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் அவள் முடி மட்டும் ஆடியது.

"இல்லைங்க," என்றாள். "வரமாட்டேன்."