‘இவன்’ என்று சொல்ல ஓர் ஆள்

மணிமொழிக்குத் தன் பிரசங்கத்தின் மேல் துளிகூடச் சந்தேகம் இல்லை. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்துக் காலனியில் ஓட்டுக் கூரை போட்ட சின்ன சர்ச்சுக்கு அவள்தான் சபை ஊழியர். கிரேக்கம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஆள் அந்த வட்டாரத்தில் அவளை விட்டால் வேறு யார்? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கிரேக்கச் சொல்லை வைத்து அண்ணன் ஆசீர்வாதத்தின் மனசைக் கரைத்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

எல்லாம் தம்பி கவியரசனுக்காகத்தான். ஞானஸ்நானம் வாங்கியவனுக்குத் தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் கிடையாது என்பது சர்க்கார் சட்டம். சேரியும் மாறவில்லை, டீக்கடைத் தனி டம்ளரும் மாறவில்லை, காகிதத்தில் மட்டும் சாதி போய்விட்டதாம்! நான்கு வருடத்துக்கு முன்னால் கவியரசன் தன்னை இந்து என்று எழுதிக் கொடுத்துச் சான்றிதழும் வாங்கினான், அரசு வேலையும் வாங்கினான். சபை நோட்டில் அவன் பேரை அடித்தார்கள்.

இப்போது தொண்ணூறாம் வருடம். கிறிஸ்தவத் தலித்துகளுக்கும் ஒதுக்கீடு வேண்டும் என்று போன ஊர்வலத்தில் அவனே முதல் வரிசையில் தட்டி பிடித்து நடந்தான். பேப்பரில் படம் வந்தது, ஆள் கிறிஸ்தவன்தான் என்று மறு வாரமே வேலை போனது. பையோடு ஊருக்கு வந்தவன், சபையில் மறுபடி சேர்ந்து அம்மாவோடு பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு இராப்போஜன அப்பம் வாங்க வேண்டும் என்றான். அம்மா சாலம்மாளோ, அவன் இல்லாமல் அந்த அப்பத்தைத் தொட மாட்டேன் என்று நான்கு வருடமாக வாயைக் கட்டியிருந்தாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பேர் அடிக்கப்பட்டவன் திரும்பி வந்தால், அவன் வீட்டு மூத்த ஆண்பிள்ளை அவன் கையைப் பிடித்துப் பீடத்துக்கு முன்னால் கூட்டி வந்து, இவன் எனக்கு இன்ன உறவு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லாதவன் வாசலோடு நிற்க வேண்டியதுதான். அப்பா இல்லாத வீட்டில் மூத்தவன் ஆசீர்வாதம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்ட ஆள் கூட்டிப் போகும் மேஸ்திரி, சபைக்கு மூப்பர்.

"வேலைக்கு இந்து, வேல போனா கிறிஸ்தவனா? என் பொண்ணுக்கும்தான் மார்க் இருந்திச்சி. நர்சு படிப்பு கெடைக்கல. நான் பொய் எழுதுனனா? என் கை அவன் மேல படாது" என்று அவன் முந்தின நாளே சொல்லிவிட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

மாதம் ஒருமுறை வரும் போதகர் கள்ளக்குறிச்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கவியரசன் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். மணிமொழி பிரசங்க மேடை ஏறினாள்.

"ஹூட்டோஸ்னு கிரேக்கத்துல ஒரு சொல்லு" என்று ஆரம்பித்தாள். "இந்த ஆள்னு கை காட்டுற சொல்லு. அதுல மரியாதையும் கெடையாது, மரியாதைக் கொறவும் கெடையாது. பாவிங்களோட ஒக்காந்து சாப்பிடுறாரேன்னு ஏசுவைக் கை காட்டுனவங்க அந்தச் சொல்லத்தான் சொன்னாங்க. தமிழ்ல 'இவர்'னு போட்டிருக்குது. அவங்க கும்புட்டுக்கினு சொன்னாங்கன்னு நெனைக்காதீங்க. எங்கப்பாவ அறுபது வயசுல, கரும்புத் தோட்டத்து மொதலாளி மவன் கை காட்டி எப்படிச் சொல்லுவான்?"

"இவன்னு" என்றது பெண்கள் பக்கம். அதற்கு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

"ஏசு சொன்ன கெட்ட குமாரன் கதையில அதே சொல்லத்தான் ஓடிப்போய்த் திரும்புன புள்ளையைக் காட்டி அப்பா சொல்றாரு, என் மகன் இவன்னு. ஓடிப்போனவனுக்கு விருந்தான்னு கோவிச்சிக்கினு, பெரியவன் உள்ள வர மாட்டேன்னு வெளிய நிக்கிறான். என் தம்பின்னு அவன் வாயில வரல. உன் மகன் இவன்னு அப்பாகிட்டயே தள்ளி வுடுறான். அப்பா அதே சொல்லத் திருப்பி அவன் கையில குடுக்குறாரு, உன் தம்பி இவன்னு. பெரியவன் உள்ள வந்தானா இல்லியா? எழுதல. அதை நாமதான் சொல்லணும்."

அருமையாகத்தான் சொன்னாள். போதகரே தலையாட்டினார். மணிமொழி வெற்றியோடு அண்ணனைப் பார்த்தாள். ஆசீர்வாதம் நிதானமாக எழுந்தான்.

"நல்லா சொன்ன. ஒண்ணு மட்டும் கேக்குறேன். சபை நோட்டுல அவன் பேர அடிச்ச கோடு யாரு போட்டது?"

மணிமொழிதான் போட்டாள். அவள் சபை ஊழியத்துக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. தம்பி என்பதால் தாட்சண்யம் பார்த்தாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே என்று, போதகர் சொல்லி முடிக்குமுன் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு இழுத்தாள். பக்கத்தில், 'இவன் நீக்கப்பட்டான்' என்று முத்து முத்தாக எழுதினாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

"நான் அவனை வாயால திட்டுனேன்" என்றான் ஆசீர்வாதம். "நீ எழுதி வெச்ச."

கதையில் வாசலுக்கு வெளியே நின்ற பெரியவன் அண்ணன் மட்டும்தான் என்று ஒரு வாரமாக எவ்வளவு தைரியமாக நினைத்திருந்தாள்! வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. மேடையில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. இறங்கி நேரே வாசலுக்குப் போய்த் தம்பியின் கையைப் பிடித்தாள். நான்கு வருடத்தில் அவனைத் தொடுவது அதுதான் முதல் தடவை. அவன் கை சில்லென்றிருந்தது.

"பொம்பள புடிக்கிற வழக்கம் இல்லியே" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பீடத்துக்கு முன்னால் வந்து திரும்பினாள். "என் தம்பி இவன். பேர அடிச்சவ நான்" என்றாள். போதகர் என்ன செய்வதென்று தெரியாமல் மூப்பர் முகத்தைப் பார்த்தார்.

ஆசீர்வாதம் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான்.

"கைய வுடு" என்றான் தங்கையிடம். "மூத்தவன் நான் உயிரோட இருக்கசொல்ல உனக்கு இன்னா அவசரம்?"

கரும்புச் சோகை கிழித்த அந்தக் கை கவியரசனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. கவியரசன் விசும்பத் தொடங்கினான்.

"என் தம்பி இவன்" என்று சபையைப் பார்த்துச் சொன்னான் ஆசீர்வாதம். "வூட்டுக்குப் போனதும் நாலு சாத்து சாத்துவேன். அது வேற."

போதகர் அப்பத் தட்டைக் கையில் எடுத்தார். சாலம்மாள் அதற்குள் போய் முழங்கால் போட்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒரு ஆள் இடமும், அந்தப் பக்கம் இரண்டு ஆள் இடமும் விட்டிருந்தாள்.