ஊர் பார்க்கப் போன மாதா கோயில்

மகளின் கல்யாணத்தன்று காலையில் கோயில்பிள்ளை கதவைத் திறக்கச் சாவியோடு போனபோது மாதா கோயில் அங்கே இல்லை. கிளம்பிப் போயிருந்தது. முந்நூறு வருஷமாக அது நின்ற இடத்தில் ஈரமண்ணும், வெயிலை முதல்முறையாகப் பார்த்த மண்புழுக்களும், தலைமுறை தலைமுறையாகத் தொலைந்த சட்டைப் பொத்தான்களும்தான் கிடந்தன. அவர் அந்த மண்ணைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, வீட்டுக்குப் போய், கோயில் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்.

போனதற்குக் காரணம் இல்லாமலில்லை. பழைய வழிபாட்டிடங்களைச் சுற்றிக் காட்டும் பேருந்து தினமும் அந்த வாசலில் நிற்கும். இறங்குகிறவர்கள் உள்ளே வந்து, வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்து, "அழகாத்தான் இருக்கு, ஆனா பேராலயத்தைப் பார்த்துட்டு வந்தா இது கண்ணுல நிக்கல" என்பார்கள். பிறகு மலைக்கோயிலின் தூண்களையும் நீலக் குவிமாடம் வைத்த பள்ளிவாசலையும் பற்றி அங்கேயே உட்கார்ந்து அளப்பார்கள். கேட்டுக் கேட்டுக் கோயிலுக்கே ஆசை வந்துவிட்டது. எத்தனை காலம்தான் பிறத்தியார் வாயால் ஊர் பார்ப்பது? ஆனால் அதற்கு வேறு நாளா கிடைக்கவில்லை?

மாப்பிள்ளையின் அம்மாவுக்கோ ஆரம்பத்திலிருந்தே இந்தச் சின்னக் கோயில் பிடிக்கவில்லை. படம் எடுத்தால் பாதிப் பேருக்குத் தலை இருக்காது என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டுமென்று பேராலயத்தில் நண்பகலுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். பெண்ணோ இந்தப் பெஞ்சுகளின் விளிம்பைப் பிடித்து நடை பழகியவள். கல்யாணம் என்றால் இங்கேதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இப்போது சம்பந்தியம்மாள் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "பன்னிரண்டு அடிக்கறதுக்குள்ள கண்டுபிடிங்க. இல்லேன்னா பேராலயம்தான். பேச்சு மாறக் கூடாது."

சுற்றுலாப் பேருந்தை ஓட்டுபவனே மாப்பிள்ளை என்பது நல்லதாகப் போயிற்று. "எங்க போயிருக்கும்னு எனக்குத் தெரியும், ஏறுங்க" என்றான். அங்கி மாட்டிய பாதிரியார் உட்பட இரண்டு வீட்டு ஜனமும் ஏறிக்கொள்ள, வண்டி பறந்தது. சுங்கச்சாவடிக்காரர், கோயில் லாரிகளுக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றதாகவும், கட்டணப் பலகையில் கோயிலுக்கு விலை போடாததால் சும்மா விட்டுவிட்டதாகவும் சொன்னார். பேருந்துக்குள் ஒரே ஆரவாரம். மலைக்கோயில் அர்ச்சகர், "அடிவாரத்துலயே நின்னு பார்த்துச்சுங்க. படியேற முடியல பாவம், வயசாச்சுல்ல" என்றார். பள்ளிவாசலில் குளத்து நீரில் படிக்கட்டுச் சேற்றைக் கழுவிக்கொண்டு, நிழலில் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, இப்போதுதான் புறப்பட்டது என்றார்கள். தரையில் ஈரம்கூடக் காயவில்லை. மாப்பிள்ளை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலால் வேகத்தை மிதித்தான்.

பெண் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, முக்காடு பறக்கப் பறக்க, தூரத்தில் மணிக்கூண்டு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். திடீரென்று அழுகை வந்துவிட்டது. "அப்பா, அது நம்மள விட்டுட்டுப் போயிடுச்சாப்பா?"

"நேத்து சாயங்காலம் நீ கட்டின பூவோடதானே போயிருக்கு. விட்டுட்டுப் போறதா இருந்தா கழட்டி வெச்சுட்டுப் போயிருக்கும்" என்றார் கோயில்பிள்ளை.

பேராலயத்தின் சதுக்கத்தில் அது நின்றுகொண்டிருந்தது. மணிக்கூண்டைப் பின்னால் சாய்த்து, பேராலயத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தபடி, பூவெல்லாம் வாடாமல், அப்படியொரு சந்தோஷத்தில் நின்றது. சுற்றுலா வந்த கூட்டம் முழுக்கப் பேராலயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைத்தான் படமெடுத்தது. பெண் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடிப்போய்ச் சுவரைக் கட்டிக்கொண்டாள். சாவி ஒரே திருகில் திறந்தது. எல்லோரும் முண்டியடித்து உள்ளே நுழைந்தபோது பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம்தான் இருந்தது, பாதிரியாரின் ஜெபமோ நீளமானது. பேராலயம் வீடு தேடி வந்த விருந்தாளியைச் சங்கடப்படுத்தவில்லை. அன்று நண்பகல் மணியை அது மோதிரம் மாற்றி முடித்த பிறகே அடித்தது. அதனால் அந்த ஊரில் எல்லோரும் சற்றுத் தாமதமாகச் சாப்பிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் உள்ளே வராமல் வாசற்படிக்குக் கீழே விறைப்பாக நின்றார். மணி அடித்து ஓய்ந்ததும் படி மெல்ல நகர ஆரம்பித்தது. கோயில்பிள்ளை கையை நீட்டினார். "ஏறுங்க சம்பந்தி. கடலோரத்துல பழைய மடாலயம் ஒண்ணு இருக்காம். அதையும் பார்த்துட்டுத்தான் வீடு திரும்பும் போலிருக்கு."

சம்பந்தியம்மாள் பேராலயத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு நாலெட்டு ஓடி, சம்பந்தியின் கையைப் பிடித்துத் தாவி ஏறினார்.

"ஜன்னலோரம் இடம் இருக்கா?" என்று கேட்டார்.

மருமகள் எழுந்து தன் இடத்தைக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் தம்பி ஓட்ட, பேருந்து காலியாகப் பின்னால் வந்தது.