இருநூறாம் பக்கத்துப் பொட்டலம்

மகளுக்குச் சந்தாவில் மாதாமாதம் வரும் புத்தகப் பெட்டி, அவள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகும் தவறாமல் வந்தது. உள்ளே, அட்டையில் டிராகன் நெருப்புக் கக்கும் தடித்த நாவலும், ‘இருநூறாம் பக்கம் படித்தபின் பிரிக்கவும்’ என்று எழுதிய குட்டிப் பரிசுப் பொட்டலமும் இருந்தன. மகள் என்றைக்குப் பொறுத்தாள்? பெட்டி வந்த கையோடு பொட்டலத்தைக் கிழித்துவிட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

“உள்ள என்னம்மா இருக்கு? பிரிச்சுச் சொல்லேன்!” என்று போனில் பறந்தாள்.

“கதை அங்க வந்தாத்தானே பிரிக்கணும்? நான் இன்னும் நாப்பதாம் பக்கத்துலயே முட்டி மோதிக்கிட்டு இருக்கேன். அவ்வளவு அவசரம்னா நேர்ல வந்து பிரிச்சுக்கோடி” என்றாள் அம்மா.

போனை வைத்தாள். பொட்டலத்தை மகளின் தலையணைமேல் பத்திரமாக வைத்துவிட்டு, நேற்றே படித்து முடித்த நாவலை மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.