அண்ணைக்குக் கேக்க ஏத்தின பட்டம்

என்ர அண்ணைக்குக் காது நல்லாக் கேக்கும். கேக்காத மாதிரி இருக்கிறதுதான் அவரின்ர நோய்.

மலாயாவிலை, ஈப்போவிலை இருந்துகொண்டு ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் றேடியோவிலை உலகம் முழுக்க மோர்ஸ் தட்டிக் கதைப்பார். நெடுந்தீவிலை என்ர றேடியோப் பெட்டியிலை அது துப்புரவாக் கேக்கும். நானும் லைசென்ஸ் எடுத்தவள்தானே, கூப்பிடுவன். பதில் வராது. அவர் பாத்து வைச்ச டொக்டர் மாப்பிளையை வேண்டாமெண்டிட்டு, தோட்டம் செய்யிற தியாகலிங்கத்தைக் கட்டினனான். அண்டையோடை கடிதமும் இல்லை, கதையும் இல்லை. "சத்தியபாமாவின்ர சிக்னல் சரியான மெலிவு, ஒண்டும் விளங்குதில்லை" எண்டு கொழும்பு றேடியோக்காரர் ஒருத்தரிட்டைச் சாட்டுச் சொன்னவராம். மெலிவோ! இருங்கோ காட்டுறன் எண்டு நினைச்சன்.

அறுபத்தெட்டு தை மாசம், நல்ல வாடைக்காத்து. நானும் என்ர மனிசனும் பெட்டியையும் கார் பற்றறியையும் வண்டிலிலை ஏத்திக் கிராமச்சபைப் பூங்காவுக்குக் கொண்டுபோனம். பூங்கா எண்டு பேர்தான். இருக்க ஒரு சீமெந்து வாங்கு, அங்காலை கடல். கம்பி தடக்க ஒரு பனையும் இல்லை, எனக்கு அதுதான் வேணும். ஏரியல் கம்பியைப் பட்டத்திலை கட்டி ஆகாயத்துக்கு ஏத்திக் கூப்பிட்டால், ஈப்போவிலை ஆரும் கேக்கேல்லை எண்டு சொல்லேலாது.

பட்டத்தைக் கண்டதும் எனக்குப் பத்தியெரிஞ்சுது. பட்டத்தின்ர தலையிலை வில்லு மாதிரிக் கட்டி, காத்துப் பட்டால் ஊருக்கே கேக்கக் கூவுமே விண், அதையும் மனிசன் பூட்டி வைச்சிருக்கிறார்.

"இஞ்சருங்கோ, விண் கூவினால் கம்பி அதிரும், சிக்னல் நடுங்கும். கழட்டுங்கோ."

"விண் இல்லாமல் பட்டம் ஏத்திப்போட்டு நான் ஊரிலை தலை காட்டேலாது. வேணுமெண்டால் நீரே ஏத்தும்."

எனக்குப் பட்டம் ஏத்தத் தெரியாதெண்டு அவருக்குத் தெரியும். போய் வாங்கிலை இருந்தன்.

பட்டம் கூவிக்கொண்டு மேலை போச்சு. அண்ணை ஒரு ஜப்பான்காரரோடை கதைச்சு முடிக்குமட்டும் பொறுத்திருந்து கூப்பிட்டன். என்ர அழைப்புக்குறிக்குப் பின்னாலை, வீட்டிலை இல்லை, வெளியிலை நிண்டு தட்டுறன் எண்ட அடையாளத்தையும் சேர்த்துத் தட்டினன்.

ஒண்டுமில்லை. திரும்பவும் கூப்பிட்டன். அழுகையும் வந்துது, கோவமும் வந்துது.

"உங்களுக்குக் கேக்குது அண்ணை! எனக்குத் தெரியும்!" எண்டு பெட்டியைப் பாத்துக் கத்தினன்.

அப்பதான் பெட்டி தட்டத் தொடங்கிச்சு. இங்கிலிசு எழுத்திலை தமிழ்.

"சிக்னல் நல்ல பலம். ஆனால் கூவுது. விண்ணோ?"

"ஓம்" எண்டு தட்டினன்.

"பட்டம் ஆர் ஏத்தினது?"

பொய் சொல்ல எனக்கு மனமில்லை. "அவர்தான்."

அதோடை பெட்டி பேசாமல் இருந்துது. போச்சு, நிப்பாட்டிப்போட்டார் எண்டு நினைச்சன். மனிசன் நூலை இழுத்துப் பிடிச்சபடி என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டார்.

பிறகு ஒவ்வொரு எழுத்தா வந்துது. மனிசனுக்கு மோர்ஸ் விளங்காது, நான் சத்தமா வாசிச்சன்.

"நூலைக் கொஞ்சம் இளக்கச் சொல்லு மச்சானை."

மனிசன் நூலை இளக்கினார்.

"இன்னொருக்கா வாசியும்" எண்டார்.