விடு என்ற ஒரு சொல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஆகாயத்தில் நடந்த சண்டை ஒன்றைச் சொல்கிறேன். அது தீர்ந்தது என்னவோ ஒரு பூட்டிய அறைக்குள்.

தொலைக்காட்சியில் ஒரு விண்வெளித் தொடர். அதில் கப்பல் தலைவிக்குக் குரல் கொடுப்பவளை ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் 'கேப்டனம்மா' என்றே கூப்பிடுவார்கள். எதிரித் தலைவனுக்குக் குரல் கொடுப்பவன் 'கரகரப்பு'. இருவரும் எலியும் பூனையும்தான். "அவ குரல் கிழடு தட்டிப்போச்சு" என்று முதலாளியிடம் போட்டுக்கொடுத்து, ஒரு வருஷம் அவளை வேலையில்லாமல் வீட்டில் உட்கார வைத்தவன் அவன்.

அன்றைக்கு வந்த காட்சியில் எதிரியின் கப்பல் உடைந்து, காற்று தீர்ந்து, அவன் மூச்சுக்குத் திணறுகிறான். தலைவியின் பீரங்கிக்காரன் கேட்கிறான்: "ஏவுகணை தயார். என்ன செய்யட்டும்?" அவள் பதில் ஒரே சொல்: "விடு."

ஏவுகணையை விடு என்றாலும் விடுதான், ஆளை விடு என்றாலும் விடுதான். தலைவியின் முகத்தை மறைத்த கவசத்தில் உதடு தெரியாது; எந்த 'விடு' என்பதைக் குரல்தான் சொல்லவேண்டும். அடுத்த காட்சி இன்னும் படமாகவில்லை. எதிரி செத்தால் கரகரப்புக்கு அன்றோடு பிழைப்பு போச்சு. வேறு வேலையும் அவன் கையில் இல்லை.

"சுடுற 'விடு'ம்மா. பல்லைக் கடிச்சுச் சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

சொன்னாள். கேட்டவர்களுக்கு முதுகு சில்லிட்டது. "அடேங்கப்பா, தூள்!"

பழிதீர்த்த வாய் இனிக்கவேண்டாமா? கசந்தது. பக்கத்தில் கரகரப்பு தன் வசனத் தாள்களை மடித்துக்கொண்டிருந்தான். திரையில் எதிரி தொண்டையைப் பிடித்துக்கொண்டு துடித்தான்.

"தம்பி, இன்னொரு தடவை எடுங்க" என்றாள் இயக்குநரிடம்.

கரகரப்பு சீறினான். "எனக்குப் பிச்சை போடறியா?"

"உன் மூஞ்சிக்கு யாரு போடுவா? மூச்சுக்குத் தவிக்கிறவனைச் சுட்டா அவ எப்படிய்யா கேப்டன்? இத்தனை நாளா அவளுக்குத் தொண்டையைக் கொடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மறுபடி சொன்னாள்: "விடு." இறுக்கிய முஷ்டி விரல் விரலாகப் பிரிவதுபோல இருந்தது. கோபம் தீரவில்லை. ஆனால் அதைத் தாண்டி வந்திருந்தது அந்தச் சொல்.

இயக்குநர் தலையைச் சொறிந்தார். "இதை வெச்சா அவனை நம்ம கப்பல்ல ஏத்தணுமே. கதையே மாறிடும்மா."

"மாறட்டுமே. சுட்டா கதை முடிஞ்சுது. ஏத்தினா, அவன் என்ன பண்ணுவானோன்னு ஊரே பார்க்கும்."

அவர் சற்று யோசித்து, ஒலிப்பதிவாளரிடம் சொன்னார்: "ரெண்டாவதையே வெச்சுக்கோ."

வெளியே போகும்போது கரகரப்பு முணுமுணுத்தான். "ஏத்திக்கிட்டதுக்கு அவன் நன்றியெல்லாம் சொல்ல மாட்டான், தெரியுமில்ல?"

"தெரியும். சொல்லுவான்னு ஏத்தினா அதுக்குப் பேரு வியாபாரம்."

அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும்தான்.

கோபம் ஆறியபின் மன்னிப்பது எல்லோருக்கும் கைவரும், கண்ணுகளா. அது கொதிக்கும்போதே கையைத் தாழ்த்தினாளே, அவளல்லவா கேப்டன்! உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வரும் சண்டையெல்லாம் வாசலோடு திரும்பட்டும். பிள்ளைகுட்டிகளோடு நிறைவாக இருங்கள்.