கைமாத்துப் பார்வை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெம்பு இருக்காது. என் மேசை இழுப்பறையில், தலைவலித் தைலத்துக்கும் தீர்ந்துபோன பேனாக்களுக்கும் நடுவே, கட்டைவிரல் அளவில் ஒரு ரப்பர் முத்திரை கிடக்கிறது. எண் 17. அது என்னுடையது அல்ல. இருபத்தாறு வருடமாக அதை ஒதுக்கிவிட்டுத்தான் தைலத்தை எடுக்கிறேன்.

போன மாதம், பழைய ஆட்கள் எல்லாரும் ஒருநாள் சந்திப்போம் என்று செய்தி வந்தது. அன்றைக்கே கதையை ஆரம்பித்துவிட்டேன். போய் வந்த பிறகு எழுதுவதுதான் முறை. ஆனால் நான் போகாமலிருக்க ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தேன். எழுதுகிறவனுக்கு எழுத்தைவிட நல்ல சாக்கு கிடையாது.

2

முதல் வரிகள், வந்த வரிசையில்:

“அன்று மழை பெய்து” (பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

“நட்பு என்பது” (இப்படி ஆரம்பிக்கிறவர்களிடமிருந்து நானே எழுந்து ஓடியிருக்கிறேன்.)

“அந்த அறையில் ஆறு விளக்குகள், ஆறு பேர்.” இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்யும் தொழிற்சாலை. நாங்கள் ஆறு பேரும் பரிசோதனை அறையில். சுவரெல்லாம் கறுப்புத் துணி. ஒரு தட்டில் நாற்பத்தெட்டு லென்ஸ்கள் வரும். ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்து, கீறலோ குமிழோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டு தேறினால் அதன் அட்டையில் அவரவர் எண் முத்திரையை அடிக்க வேண்டும். அட்டையில் தேதி உண்டு, நேரம் கிடையாது.

ஒரு மணி நேரத்தில் கண் எரியும். ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் சாயலாம். ஆனால் தட்டுக் கணக்கு குறையக் கூடாது. அதனால் பக்கத்தில் இருப்பவன் அந்தத் தட்டையும் பார்த்து, சாய்ந்தவனின் முத்திரையை அடித்துவிடுவான். இதற்கு எங்கள் பெயர் கைமாத்துப் பார்வை. பிடிபட்டால் வேலை போகும். எல்லாரும் செய்தோம்.

என் பக்கத்து விளக்கு கழுகினுடையது. நாங்கள் வைத்த பெயர் அது, கண் அப்படி. நாங்கள் துழாவித் தேடும் கீறலை அவன் தட்டு வரும்போதே சொல்லிவிடுவான்.

3

இங்கே ஒரு மேற்பார்வையாளரை நுழைத்தேன். தொப்பையும் சிடுசிடுப்பும் கொடுத்தேன். பழியை அவர் தலையில் கட்டி எட்டுப் பக்கம் எழுதினேன். எழுத எழுத எனக்கே அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. உண்மையான மேற்பார்வையாளர் ஒல்லி, தங்கமான மனிதர். அடுத்த பிரதியில் இயந்திரம் குற்றவாளி. அதற்கடுத்ததில் விதி. விதிக்கு வசனம் எழுத வரவில்லை.

(சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது.)

4

சரி. கழுகின் மகளுக்குக் காய்ச்சல். இரவு முழுக்க அவன் தூங்கவில்லை. காலையில், ஈரத்துணிகூடப் போடாமல், லென்ஸைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். நான் எழுப்பவில்லை. பாவம், தூங்கட்டும் என்று அவன் தட்டை என் பக்கம் இழுத்தேன். பன்னிரண்டு லென்ஸ் பார்த்தேன். மீதி முப்பத்தாறைப் பார்க்கவில்லை. அவனுடைய 17-ஐ எடுத்து அடித்துவிட்டுத் தட்டைத் தள்ளினேன். அவன் முழித்தபோது அடுத்த தட்டு அவன் முன்னால் இருந்தது. ஒரு நொடி கண்ணயர்ந்ததாக நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். நானும் சொல்லவில்லை. சொல்லும்படி அதில் என்ன இருந்தது?

மூன்று வாரம் கழித்து அந்தத் தட்டு திரும்பி வந்தது. முப்பத்தொரு லென்ஸில் கீறல்.

நான் இடதுகைக்காரன். எவ்வளவு கவனமாக இருந்தாலும் நான் அடிக்கும் முத்திரை இடப்பக்கம் சாயும். விசாரணையில் அட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. சாய்வை யாரும் கவனிக்கவில்லை. அத்தனை பேருக்கும் பார்ப்பதுதான் வேலை. அவனிடம் மட்டும் அட்டையைக் காட்டவில்லை, எண்ணைப் படித்தார்கள். “என் நம்பர்தான்” என்றான். நான் கதவோரம் நின்றிருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணமே இல்லை. ஆறு பிரதிகளில் தேடிப் பார்த்துவிட்டேன்.

அவன் வேலை போய்க் கிளம்பிய பிறகு அவன் முத்திரையை வெட்டிப் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள்.

5

சந்திப்புக்குப் போனேன். முத்திரை சட்டைப் பையில். ஓர் உணவகத்தின் மாடி அறை, நீளமான மேசை, எல்லார் முகத்திலும் கண்ணாடி. அதை வைத்தே அரை மணி நேரம் சிரித்தோம். கழுகு மட்டும் கண்ணாடி போடவில்லை. மனைவியோடு வந்திருந்தான். ஒரு கிடங்கில் வாசல் காவலாம்.

“அன்னிக்கு ஒரு தட்டு முழுசா எப்படி விட்டேன்னு ரொம்ப நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன்டா,” என்றான். “நான் கைமாத்துகூட வாங்கல. நானேதான் பாத்தேன். என் தப்புன்னு ஒத்துக்கவே பத்து வருஷம் ஆச்சு. ஒத்துக்கிட்டேன், நிம்மதியாயிட்டேன்.”

பையில் கை விட்டேன். எடுக்கவில்லை.

அவன் கை கழுவப் போனதும் அவன் மனைவி என் பக்கம் திரும்பினார்.

“நிம்மதியாமே! கதவைப் பூட்டிட்டு மூணு தடவ திரும்பி வருவாருண்ணே. மாத்திரை அட்டைய நான்தான் படிச்சுச் சொல்லணும். கண்ணு நல்லாருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இவரு நம்பணுமே.”

கிளம்பும்போது கழுகு என் தோளில் தட்டினான். “கதையெல்லாம் எழுதுறியாமே? எனக்கும் அனுப்பு. ஆனா ரெண்டு தடவ படிப்பேன். ஒரு தடவ படிச்சா படிச்சேன்னு எனக்கே நம்பிக்கை வராது.”

சிரித்தான்.

6

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவன் என்னைக் கட்டிக்கொள்கிறான் (தூ). ஒன்றில் அறைகிறான் (இது எனக்கு வசதி, ஓர் அறையோடு விவகாரம் முடிந்துவிடும்). மூன்றாவதில் நான் சொல்லவே இல்லை, அவன் நிம்மதி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான், அவன் மனைவி மாத்திரை அட்டையைப் படிக்கிறார். மூன்றாவதை எழுத வேண்டியதில்லை. இருபத்தாறு வருடமாக அதுதான் நடக்கிறது.

சொன்னால் அவனுக்குக் கண் திரும்பக் கிடைக்கும். கூடவே, அத்தனை வருடமும் வெறுமனே போனது என்பதும் தெரியும். எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை. அதை முடிவு செய்ய வேண்டியவனும் நானில்லை என்று தோன்றுவதற்கே எனக்கு இவ்வளவு வயதாகிவிட்டது.

7

ஆகவே முடிவு எழுதப்போவதில்லை. இந்தத் தாள்களையும் முத்திரையையும் ஒரே உறையில் வைத்து அவனுக்கு அனுப்புவதாக இருக்கிறேன். (“இருக்கிறேன்” என்றே பாதி ஆயுசை ஓட்டிவிட்டேன். தெரியும்.) அவன் இரண்டு தடவை படிக்கட்டும். நாலு பேர் படிக்கலாம் என்று அவனுக்குப் பட்டால், கீழே இருக்கும் கட்டத்தில் அடித்துத் திருப்பி அனுப்பட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கட்டத்தை ஒருமுறை பாருங்கள். முத்திரை நேராக இருந்தால், அவன் அடித்தது. இடப்பக்கம் சாய்ந்திருந்தால், உறை என் வீட்டை விட்டுப் போகவே இல்லை. மறுபடியும் அவனுக்காக நானே அடித்துவிட்டேன். காலியாகவே இருந்தால், நான் இன்னும் “அனுப்புவதாக இருக்கிறேன்”.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

[                    ]