பெட்டியைத் தொட்டது யார்

மருதாசலத்துக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் சோறு இறங்காது. அந்த வாரம் முழுக்க அவருக்கு அரை வயிறுதான்.

எண்பத்து நாலாம் வருஷம். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் கருவிப் பிரிவுக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே பச்சைப் பலகை, இருபத்துச் சொச்சம் பொத்தான்கள், சிவப்பாக எரியும் ஆறு எண்கள். மைக்ரோபிராசசர் என்றார்கள். கரி கொண்டுபோகும் பெல்ட் நின்றால் தானே விளக்கெரிய இதற்குச் சொல்லிக்கொடுக்கலாமாம். பதினெட்டு வருஷ சர்வீஸ் போட்ட மருதாசலத்திடம்தான் ஃபோர்மேன் தனகோடி அதை ஒப்படைத்தார்.

கூடவே வந்த புத்தகத்தில் முன்னுரையெல்லாம் யார் படிப்பது? நேரே பயிற்சிப் பக்கத்துக்குப் போனார். 3E, 05, C6, 03 என்று ஒவ்வொன்றாக எட்டுக் குறிகளை அடித்தார். ஐந்தையும் மூன்றையும் கூட்டி எட்டு என்று காட்டியது பெட்டி. ஒண்ணாம் வகுப்புக் கணக்குதான். ஆனாலும் மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அந்த எட்டும் இல்லை. அவர் அடித்த இடத்திலெல்லாம் யாரோ கைக்கு வந்ததை அடித்து வைத்தது போலக் கன்னாபின்னாவென்று ஏதோ இருந்தது.

அறைக்குச் சாவி இரண்டே. ஒன்று அவரிடம், இன்னொன்று கலியனிடம். கலியன் பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரன். ஒன்பது வருஷமாக கான்ட்ராக்டில் அறை கூட்டுகிறவன். இந்த மாதம்தான் அவன் பெயர் பர்மனன்ட் பட்டியலில் ஏறியிருந்தது. எழுத்தில் ஒரு புகார் போனால் பெயர் அடிபட்டுவிடும். அது மருதாசலத்துக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கலியன் துடைப்பத்தோடு வந்து நின்றான்.

"சார், மெயின் சுவிட்ச அணைக்கச்சே இந்தப் பொட்டிய மட்டும் வுட்டுடட்டுங்களா?"

"எதுக்கு?"

"செவப்பு நம்பரெல்லாம் அவிஞ்சிப் போவுதுங்க. பாக்க ஒரு மாதிரியா இருக்குது."

"உன் வேலைய மட்டும் பாரு. ஷிஃப்ட் முடிஞ்சா மெயின் ஆஃப். நான் சொன்னது சொன்னதுதான்."

முன்பு யாரோ அணைக்காமல் போன, கம்பி பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் மேசையைக் கருக்கியதிலிருந்து மருதாசலம் போட்ட சட்டம் அது. ஆனால் கூட்டுகிறவனுக்குப் பெட்டி மேல் என்ன அக்கறை? சந்தேகத்துக்குக் கால் முளைத்தது.

புதன்கிழமை நாற்பது குறிகளை அடித்து, விளக்கையும் எரியவைத்துப் பார்த்துவிட்டு, மூடிய பெட்டியின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்துவிட்டுப் போனார். காலையில் குச்சியும் இல்லை, நாற்பதும் இல்லை. கலியன் மேலே தூசி துடைத்திருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே புகாரை எழுதித் தனகோடியிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மறுபடி நாற்பதையும் அடித்தார். ஒரு கம்பியைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. மேசையில் பிளக் பாயின்ட் ஒன்றுதான். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, அயர்னைச் செருகி, வேலையை முடித்துக்கொண்டு பழையபடி பெட்டியின் பிளக்கைச் செருகினார்.

நாற்பதும் போயிருந்தது.

அறையில் ஈ காக்கை இல்லை. மருதாசலம் எட்டுக் குறிகளை அடித்தார். பிளக்கைப் பிடுங்கினார், செருகினார். எட்டும் போச்சு. புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினார். கரண்ட் நின்றால் அடித்ததெல்லாம் அழிந்துவிடும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற நெய்வேலியில், கரண்ட் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்து அவருக்குப் பழக்கமில்லை.

தனகோடியின் அறைக்கு ஓடினார். வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கலியன் நின்றிருந்தான்.

"அவனே ஒத்துக்கிட்டான் மருதாசலம்," என்றார் தனகோடி. "தெனமும் நாந்தான் அணைச்சேன்னு சொல்றான்."

"அணைக்கச் சொன்னது யாருன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். வாயத் தொறக்கல."

மருதாசலம் புகாரை வாங்கி அதன் பின்பக்கத்தில் எழுதினார்: கலியன் மீது தவறில்லை. பெட்டியை அணைக்காமல் விடட்டுமா என்று அவன் கேட்டும், அணைக்கச் சொன்னவன் நான்.

"இது உங்க ரெக்கார்டுல ஏறுமே," என்றார் தனகோடி.

"ஏறட்டும்," என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் கேட்டார். "ஏன் கலியா சொல்லல?"

"சொன்னா, சாருக்கே இந்தப் பொட்டி தெரியலன்னு ஆயிடும்ங்களே. நாலு பேர் சிரிப்பாங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூட மருதாசலத்துக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த மாதம் கலியன் பர்மனன்ட் ஆனான். பெட்டிக்குத் தனி லைன் போட்டார்கள், பெல்ட் விளக்கும் எரிந்தது. கலியன் எப்போதும்போல அறையைக் கூட்டினான். அந்த மேசைக்கு நாலடி முன்னால் மட்டும் துடைப்பம் நின்றுவிடும். வாடா, கூட்டுடா என்று மருதாசலம் எத்தனையோ தரம் கூப்பிட்டுப் பார்த்தார்.

"வேணாங்க சார்," என்பான், சிரித்துக்கொண்டே.

அந்த நாலடியை மருதாசலம் தானே கூட்டிக்கொண்டார், ரிட்டயர் ஆகும் வரைக்கும்.